தலையைத் திருப்ப வேண்டாம்

அந்தப் பள்ளிக்கூடத்தின் பதினான்கு வகுப்பறைகளிலும் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருப்பதைக் கண்டு, புதிதாக வருகிறவர்கள் தாங்கள் வந்தது பள்ளிக்கூடத்துக்கா அழகு நிலையத்துக்கா என்று ஒரு நிமிடம் தயங்குவார்கள். தயங்க வேண்டியதே இல்லை. எல்லாம் முறைப்படி, எழுத்து மூலமாக, மேலிடத்து உத்தரவின்பேரில் நடந்தது.

மேலிடம் என்றால் கல்வி மேம்பாட்டு இயக்ககம். ஆறு மாடிக் கட்டடம். அங்கே வேலை பார்க்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்து வருடக்கணக்காகிறது என்றாலும் அதைப் பற்றிக் கவலைப்படாத நாள் கிடையாது. அந்த ஆண்டு அவர்கள் செயல்திட்டவழிக் கற்றல் என்ற ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். பிள்ளைகள் பாடத்தை நெட்டுருப் போடக்கூடாது; ஏதாவது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, வெளியே போய் அளந்து, விசாரித்து, செய்துபார்த்துத் தாங்களே கற்றுக்கொள்ள வேண்டும். நல்ல விஷயம்தான். நல்ல விஷயமாக இருந்ததால்தான் அதைச் சும்மா விட்டுவைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

சுற்றறிக்கை எண் நூற்று நாற்பத்தேழு வருவதற்கு முன்பே, ஏழாம் வகுப்பு டீச்சர் அதைச் செய்ய ஆரம்பித்திருந்தார். அவருடைய வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். 'வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?' என்பது கேள்வி. ஒவ்வொருவரும் தங்கள் காலடியை எண்ணிக்கொண்டே வர வேண்டும். வகுப்பில் ஒரு காலடி எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, பெருக்கி, வழியைப் படமாக வரைய வேண்டும். மறுநாளே பிள்ளைகள் வாய்க்குள் எண்ணிக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் திரும்பாமல், மந்திரம் ஜெபிக்கிறவர்களைப் போல வந்து சேர்ந்தார்கள். ஒருத்திக்கு வாசலில் காவலாளி வணக்கம் சொல்லிவிட்டதால் எண்ணிக்கை தப்பி, அவள் திரும்ப வீட்டுக்கே போய் முதலிலிருந்து நடந்து வந்தாள்.

அன்று முதல் அவருக்கு 'அடி டீச்சர்' என்று பெயர். இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு பிள்ளையின் காதைக்கூடத் திருகாத மனுஷி அவர்.

அந்த வகுப்பில் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் இருந்தாள். கேள்வி கேட்டால் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. பிள்ளைகள் அவளை 'முணுமுணுப்பு' என்பார்கள். டீச்சர் அவளை வாய் திறக்க வைக்க ஒரு வருடமாகப் படாத பாடுபட்டிருந்தார். எண்ண ஆரம்பித்த நாலாம் நாள் அவள் தானாக எழுந்து நின்றாள்.

"டீச்சர், நானும் என் தங்கச்சியும் ஒரே வழியிலதான் வரோம். ஆனா எனக்கு ஆயிரத்து தொள்ளாயிரத்துப் பன்னெண்டு வருது. அவளுக்கு ரெண்டாயிரத்து எழுநூறு வருது. வழி தப்பில்ல டீச்சர். அவ கால் சின்னது."

'சரியா சொன்னே' என்று டீச்சர் இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதினார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவரும் தன் காலடியை எண்ணிக்கொண்டே போனார்.

இது நடந்த அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது.

தலைமையாசிரியர் ஆசிரியர்கள் எல்லாரையும் தன் அறைக்கு அழைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். "செயல்திட்டவழிக் கற்றலை நடைமுறைப்படுத்தும் ஒவ்வொரு ஆசிரியரும் நாள்தோறும் வகுப்பு முடிந்தவுடன், வகுப்பறையிலேயே, பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் பிரதிபலிக்க வேண்டும். பிரதிபலிப்புக்கான புகைப்படச் சான்றை அன்றே செயலியில் பதிவேற்ற வேண்டும்."

"பிரதிபலிக்கணும்னா?" என்று கேட்டார் விளையாட்டு சார்.

தலைமையாசிரியர் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். இரண்டாவது முறையும் அதில் அதேதான் எழுதியிருந்தது.

"நடத்துன பாடத்தைப் பத்தி யோசிச்சுப் பாக்கச் சொல்றாங்கன்னு நினைக்கறேன் சார்" என்றார் ஏழாம் வகுப்பு டீச்சர்.

"யோசிக்கணும்னா யோசிக்கணும்னுல்ல எழுதியிருப்பாங்க? அவங்களுக்குத் தமிழ் தெரியாதா?" என்றார் தலைமையாசிரியர். "தவிர, யோசிக்கறதை எப்படிம்மா போட்டோ எடுக்கறது?"

ஓய்வு பெற இரண்டு வருடம் மிச்சமிருந்த அறிவியல் சார்தான் முடிச்சை அவிழ்த்தார். "இதுல குழம்ப என்ன இருக்கு? நாங்க படிச்ச காலத்துல பிரதிபலிப்புன்னா கண்ணாடி. முன்னாடி நின்னா பிரதிபலிக்கும். போட்டோவும் எடுக்கலாம்."

தலைமையாசிரியருக்கு அப்போதும் சந்தேகம். அவர் நேர்மையான மனிதர். தப்புச் செய்ய அவருக்குப் பயம். சரியாகச் செய்ய அதைவிடப் பயம். இயக்ககத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். அங்கே எடுத்தவர், "சுற்றறிக்கையில என்ன சொல்லியிருக்கோ அதை அப்படியே செய்யுங்க. சொந்தமா அர்த்தம் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டார். தலைமையாசிரியர் சொந்தமாக அர்த்தம் பண்ணவில்லை. அகராதியைப் பார்த்தார். அதிலும் கண்ணாடிதான் இருந்தது.

கண்ணாடிகள் கிடைத்த இடங்களிலிருந்து வந்தன. ஒன்று பழைய பீரோக் கதவு. ஒன்று யாரோ மணமகளுக்குக் கொடுத்து அவள் வேண்டாமென்று விட்டுப்போனது. ஏழாம் வகுப்புக்கு வாய்த்தது, மூடிவிட்ட ஒரு முடிதிருத்தும் கடையின் கண்ணாடி. ஓரங்களில் ரசம் போயிருந்தாலும் பெரிய கண்ணாடி. அதன் கீழ்விளிம்பில் சிவப்பு எழுத்தில் 'தயவுசெய்து தலையைத் திருப்ப வேண்டாம்' என்று எழுதியிருந்தது. எவ்வளவு சுரண்டியும் அது போகவில்லை.

பத்து நாள் கழித்து இயக்ககத்தின் மேற்பார்வையாளர் அம்மா வந்தார். முதல் வகுப்பறையில், கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டி, தன் முகத்தையே உற்றுப் பார்த்தபடி அறிவியல் சார் நின்றிருந்தார். அடுத்த அறையிலும் அப்படியே ஒருவர். அதற்கடுத்த அறையில் விளையாட்டு சார் பீரோக் கதவின் முன்னால் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் அம்மா நடைக்கூடத்தில் நின்று, கைப்பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தார். சுற்றறிக்கையை எழுதியது அவர்தான். அதில் ஒரு சொல் தப்பாகிவிட்டது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்தச் சுற்றறிக்கையில் இயக்குநர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ரொம்ப நல்லா புரிஞ்சுக்கிட்டிருக்கீங்க" என்றார் தலைமையாசிரியரிடம்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை எண் நூற்று நாற்பத்தொன்பது வந்தது. கண்ணாடி நான்கு அடி உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிரதிபலிக்கும்போது ஆசிரியர் பேசக்கூடாது, யாருக்கும் பதில் சொல்லக்கூடாது, இடம் பெயரக்கூடாது. கண்ணாடி இல்லாத பள்ளிகள் காரணம் காட்ட வேண்டும்.

அந்த முதல் வருகையில் இன்னொரு சங்கதியும் நடந்தது. மேற்பார்வையாளர் அம்மா ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சும்மா பேச்சுக் கொடுத்தார்.

"உங்க டீச்சர் எப்படி?"

"நல்ல டீச்சர் மேடம். அடி டீச்சர்."

மேற்பார்வையாளர் அம்மா பேனாவை எடுத்தார். "அடி உண்டா இங்க?"

"தினமும் உண்டு மேடம். எனக்கு ரெண்டாயிரத்து நூறு அடி. இவனுக்கு நாலாயிரம்."

"நாலாயிரமா! இவனுக்கு ஏன் அவ்வளவு?"

"அவன் தூரத்துலேருந்து வரான்ல மேடம், அதனால."

விசாரணை மூன்று வாரம் நடந்தது. அடி என்றால் காலடி என்று டீச்சர் நான்கு பிரதிகளில் விளக்கம் எழுதினார். 'காலால் அடித்ததை ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று திரும்ப ஒரு கடிதம் வந்தது. அதற்கும் நான்கு பிரதிகளில் பதில் எழுதினார். இடைவேளையெல்லாம் அதிலேயே போயிற்று. பிள்ளைகள் வரைந்த படங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தார். அவை மேசை ஓரத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்தன.

போதாததற்குப் பிரதிபலிப்புப் படிவம் வேறு. பதினோரு கட்டம். முதல் நாள் அவர் ஆசையாக எழுதினார்: 'இதுவரை பேசாத மாணவி ஒருத்தி, ஒரே தூரத்துக்கு எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுவது ஏன் என்று தானே கண்டுபிடித்தாள்.' படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இருந்தது: 'மாணவர்கள் என்ன கற்றார்கள் என்று இங்கே கேட்கப்படவில்லை. கண்ணாடியில் தாங்கள் கண்டதை மட்டும் எழுதவும்.' விளையாட்டு சார், கண்டது என்ற கட்டத்தில் 'மீசை நரைத்திருக்கிறது' என்றும், அதனால் விளைந்த மாற்றம் என்ற கட்டத்தில் 'மை' என்றும் எழுதியிருந்தார். அவருடைய படிவத்தை மாதிரிப் படிவம் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள்.

டீச்சரும் பழகிக்கொண்டார். மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்ததும் கண்ணாடி முன் நிற்பார். கைபேசியால் கண்ணாடியை ஒரு படம் எடுப்பார். செயலியில் ஏற்றுவார். பச்சை விளக்கு வரும். அதன் பிறகு பத்து நிமிடம் அசையாமல் நிற்பார். செயலியில் கடிகாரம் ஓடும். நடுவில் நகர்ந்தால் கைபேசி கூக்குரலிடும், மறுபடி முதலிலிருந்து பத்து நிமிடம் நிற்க வேண்டும்.

அப்படி நிற்கும்போதுதான் ஒரு நாள் கண்ணாடிக்குள் முணுமுணுப்பைப் பார்த்தார். வகுப்பறை வாசலில், கதவுச் சட்டத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இன்னொரு கையில் ஒரு தாள். வழிப் படமாக இருக்கும் என்று டீச்சர் நினைத்தார். கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித் தெரியும். ரசம் போன கண்ணாடி வேறு. அவர் திரும்பாமல், கையை மட்டும் உயர்த்தி 'இரு' என்று காட்டினார். அவள் நின்றாள். ஆறு நிமிடமோ ஏழு நிமிடமோ நின்றிருப்பாள். பத்து முடிந்து டீச்சர் திரும்பியபோது வாசலில் யாரும் இல்லை.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

ஒரு தடவை வகுப்பு நேரத்திலேயே மேசைக்கு வந்து, "டீச்சர், ஒரு கையெழுத்து" என்று முணுமுணுத்தாள். டீச்சர் 'காலால் அடித்த' விவகாரத்துக்கு மூன்றாவது பதிலை எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "எல்லார் படத்துக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமை போடறேன்டா கண்ணு" என்றார். அவள் ஏதோ சொல்ல உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. போய் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் அம்மா கண்ணாடிகளை நாடாவால் அளக்க வந்துவிட்டார்.

அந்த நாட்களில் அவள் காலையில் தாமதமாக வர ஆரம்பித்திருந்தாள். முதல் பாடவேளை முடியும்போது வருவாள்; பெஞ்சில் உட்கார்ந்ததும் கண் சொருகும். டீச்சர் அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்தார். என்ன ஏது என்று கேட்க வேண்டும் என்று நினைத்தார். படிவத்தில் 'பிற' என்ற கட்டத்தில் எழுதவும் செய்தார்: 'மாணவி ஒருத்தி தாமதமாக வருகிறாள். ஆர்வம் குறைந்துள்ளது.' அந்தப் படிவம் மட்டும் திருத்தம் எதுவும் இல்லாமல் ஏற்கப்பட்டது.

பதினாறு நாள் வாசலில் நின்றாள். பதினேழாம் நாள் வரவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

"அவங்க போன மாசமே வீடு மாறிட்டாங்க டீச்சர்" என்றார்கள் பிள்ளைகள். "அவங்க இருந்த கட்டடத்தை இடிக்கறாங்களாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிட்டாங்க."

சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று டீச்சர் தீர்மானித்தார். அந்தச் சனிக்கிழமை மேம்பட்ட பிரதிபலிப்புக்கான முழுநாள் பயிற்சி. அடுத்த சனிக்கிழமை அதன் தொடர்ச்சி. அதற்கும் அடுத்த வாரம், தலைமையாசிரியர் ஓடாத குறையாக வகுப்புக்கு வந்தார்.

"டீச்சர்! உங்க பிரதிபலிப்புதான் முதல் பரிசு! நாலாயிரம் போட்டோவுல உங்களோடதை எடுத்திருக்காங்க!"

விழா இயக்ககத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று பூ அலங்காரத்தோடு நின்றது. இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்ததும் முதலில் அதற்குள் தன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆசிரியப் பெருமக்களே! ஒரு காலத்தில் நமது வகுப்பறைகள் எப்படி இருந்தன? ஆசிரியர் எந்நேரமும் மாணவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஐம்பது முகங்கள்! கவனம் சிதறாதா? ஒரு முகத்தைப் பார்ப்பதற்குள் இன்னொரு முகம் குறுக்கே வராதா? இன்று அந்தத் தொல்லை இல்லை. இன்று ஆசிரியர் ஒரே ஒரு முகத்தை ஆழமாகப் பார்க்கிறார். அது அவருடைய முகம்! இந்தப் புரட்சியைப் பிற துறைகளும் பின்பற்றப் போவதாக அறிகிறேன். மருத்துவமனைகளில் பேச்சு நடந்து வருகிறது."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.

"இதோ, பரிசு பெறும் படம்!"

விளக்குகள் அணைந்தன. பின்சுவர் முழுவதும் வெள்ளைத் திரை. அதில் ஏழாம் வகுப்பு டீச்சர், யானை அளவுக்கு, கையில் கைபேசியோடு நின்றார். கீழே சிவப்பு எழுத்து. அவருக்குப் பின்னால், கண்ணாடிக்குள், வாசலில், மூன்று ஆள் உயரத்துக்கு முணுமுணுப்பு.

"கவனியுங்கள்!" இயக்குநரின் கோல் திரையைத் தட்டியது. "பின்னால் ஒரு மாணவி. குறுக்கிடுகிறாரா? இல்லை. கூப்பிடுகிறாரா? இல்லை. என்ன ஒழுக்கம்! ஆசிரியர் திரும்புகிறாரா? கிடையாது! கீழே இருக்கும் வாசகத்தைப் படியுங்கள். 'தலையைத் திருப்ப வேண்டாம்.' இந்த ஆசிரியரே எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு கண்ணாடியிலும் இந்த வாசகம் கட்டாயமாக்கப்படும்."

டீச்சர் அதையெல்லாம் கேட்கவில்லை. அவர் திரையில் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை அளவு தாள் இப்போது கதவளவு இருந்தது. அது வழிப் படம் இல்லை. கோடு போட்ட அச்சடித்த படிவம். தலைப்பு எழுத்துகள் இடவலம் மாறித் திரும்பி நின்றன. அவர் வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போல. தூ. ர. ச். சா. ன். று. அதன் கீழே சின்ன எழுத்தில்: இலவசப் பேருந்துச் சலுகைக்கு வகுப்பாசிரியர் அளிப்பது.

ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கான படிவம். ஒரே ஒரு கையெழுத்து. பேனா அவருடைய கைப்பையில்தான் இருந்தது, பதினாறு நாளும்.

அவரை மேடைக்கு அழைத்தார்கள். கேடயத்தைக் கையில் வைத்தார்கள். அதுவும் கண்ணாடியால் செய்தது. "இந்தப் படத்தில் தாங்கள் காண்பது என்ன, இரண்டு வார்த்தை" என்று இயக்குநர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"அந்தப் பொண்ணு கையில இருக்கறது பஸ் பாஸுக்கான தூரச் சான்று சார்" என்றார் டீச்சர். "என் கையெழுத்துக்காக நின்னிருக்கா. பதினாறு நாள் நின்னிருக்கா. நான் திரும்பவே இல்ல சார். இப்ப அவ படிப்பே நின்னு போச்சு."

இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீர்களா? ஆசிரியரின் கையெழுத்துக்காக ஒரு மாணவி பதினாறு நாள் காத்திருக்கிறார்! நடிகர்களிடம் கையெழுத்து வாங்கும் இந்தக் காலத்தில்!"

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். விளையாட்டு சார் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை டீச்சர் பள்ளி அலுவலக ஜன்னலுக்குப் போனார். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, விரலை ஓரிடத்தில் வைத்தார்.

"கடைசித் தேதி தாண்டி பத்தொம்பது நாள் ஆச்சு டீச்சர். இனிமே அடுத்த வருஷம்தான். அந்தப் பொண்ணு இங்கயும் வந்து நின்னுச்சு. டீச்சர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாம்மா, உடனே சீல் வெச்சுத் தரேன்னு நான்தான் அனுப்பினேன்." எழுத்தர் பதிவேட்டை மூடினார். "தினமும் அனுப்பினேன்."

டீச்சர் அன்று மணி அடித்ததும் கண்ணாடி முன் நிற்கவில்லை. செயலி கூக்குரலிட்டது. கைபேசியை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கட்டுக்கட்டாகக் கிடந்த வழிப் படங்களில் அவளுடையதைத் தேடி எடுத்தார். பழைய வீட்டிலிருந்து வரும் வழி அழகாக வரைந்திருந்தது. அதன் மேல் பென்சிலால் இன்னொரு கோடு, தாள் விளிம்பு வரை போய், இடமில்லாமல், பின்பக்கம் திரும்பி, பாலம் தாண்டி, ஒரு சின்ன வீட்டில் முடிந்தது.

படத்தைப் பிடித்துக்கொண்டு, பள்ளி வாசலிலிருந்து எண்ணியபடி நடந்தார். காவலாளி ஏதோ கேட்டார், திரும்பவில்லை. லாரிகள் போகும் சாலை. பாலத்தில் நடைபாதை கிடையாது. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒண்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒரு பன்னிரண்டு வயதுப் பெண், கையில் ஒரு சின்னத் தங்கையைப் பிடித்துக்கொண்டு, காலையும் மாலையும் இப்படிப் போயிருக்கிறாள் என்று நினைத்தபோது அவருக்கு எண்ணிக்கை தப்பப் பார்த்தது. வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

வீட்டை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசல் படியில் முணுமுணுப்பு, இடுப்பில் யாருடைய குழந்தையையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

உள்ளேயிருந்து அவளுடைய அம்மா வந்தாள். "வாங்க டீச்சர், உள்ள வாங்க. சின்னவளை இங்க பக்கத்துல அஞ்சாவது வரைக்கும் இருக்கற பள்ளிக்கூடத்துல போட்டாச்சு. இவளுக்கு இந்தப் பக்கம் எதுவும் இல்ல. நடந்து நடந்து கால் வீங்கிப் போச்சு. அவ அப்பா பயந்துட்டாரு. இவ சித்தி வேலைக்குப் போறா, அவ குழந்தையை இவ பாத்துக்கட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிட்டாரு." அடுத்த வருஷம் என்று சொல்லும்போது அவள் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றார் டீச்சர், அந்தப் பெண்ணிடம். "நீ வந்து நின்னதை நான் தினமும் பாத்தேன். திரும்பித்தான் பாக்கல."

"பரவால்ல டீச்சர். நீங்க வேலையா இருந்தீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத்தான் தாங்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். அப்புறம் கேட்டாள்.

"எண்ணிக்கிட்டா வந்தீங்க?"

"ஆமா."

"எத்தனை டீச்சர்?"

"ஒன்பதாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு."

அவள் உதடு கொஞ்ச நேரம் அசைந்தது. கணக்குப் போட்டாள். "எனக்குப் பதினோராயிரத்து நாப்பத்தாறு. ரெண்டும் சரிதான் டீச்சர்" என்றாள். "உங்க கால் பெருசு."

உள்ளே ஓடிப்போய் அந்தத் தாளைக் கொண்டுவந்தாள். மடிப்புகள் நைந்திருந்தன. எல்லாக் கட்டத்தையும் அவளே நிரப்பியிருந்தாள். தூரம் என்ற இடத்தில் 'ஆறு கி.மீ. எழுபத்தைந்து மீட்டர்' என்று எழுதியிருந்தாள். அளந்த முறை என்ற இடத்தில் 'காலால்' என்று எழுதியிருந்தாள். வகுப்பாசிரியர் கையொப்பம் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

டீச்சர் பேனாவை எடுத்தார். இனி இதற்கு ஒரு பலனும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும், பதினோராயிரம் வரை தப்பாமல் எண்ணத் தெரிந்தவள் பத்தொன்பது நாளை எண்ணியிருக்க மாட்டாளா. முழங்காலில் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். வகுப்பில் பிழை கண்டுபிடிக்கும்போது வைப்பதைப் போலவே, கட்டத்தின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"தேதி போடல டீச்சர்."